பல் கணக்கு

முதலில் போனது சார்ஜர்.
பிறகு மோடத்தின் கறுப்பு ஒயர்,
சேகோ ஆலைக் கணக்கை நான் ஜிஎஸ்டிக்கு
ஏற்றிக்கொண்டிருந்த இருபதாம் தேதி இரவில்.
திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
கட்டிலுக்கு அடியில் ஜவ்வரிசி
ஒன்றும் அறியாத முகத்தோடு
மீசையை மட்டும் ஆட்டியது.

பெயர் நான் வைத்ததுதான்.
செவ்வாய்ப்பேட்டையில் கைக்குள் வாங்கியபோது
வறுக்காத மாவுருண்டைபோல் இருந்தது.
வெந்தால் கண்ணாடியாகும்.
இது வேகவேயில்லை.

அஸ்தம்பட்டியில் மாடி வீடு. பதினொரு மாத ஒப்பந்தம்.
நாய் கூடாது, பூனை கூடாது.
முயலை எழுத அர்த்தநாரிக்குத் தோன்றவில்லை.
போன வாரம் வாடகைக்கு வந்தவர்
தேக்கு நிலையின் கீழ்மூலையைத் தடவி
"எலியா?" என்றார்.
"இருக்கலாம்."
அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்,
தெருவுக்கே தெரியும்.
எனக்குக் கால் கணக்கில் தகராறில்லை,
பல் கணக்குதான்:
மேலே இரண்டு, அதன் முதுகில் ஒளிந்து இரண்டு,
கீழே இரண்டு.

கை தட்டினேன்.
ஓடியது, திரும்பி வந்தது,
விட்ட இடத்திலிருந்து கடித்தது.
ஒயர் நெடுக பாகற்காய்ச் சாறு.
நக்கியது, யோசித்தது,
இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று
என் விரலை முகர்ந்தது.
வேப்பெண்ணெய்க்கு நான்தான் வெளியே ஓடினேன்.
மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்துவிட்டு
அந்த மூக்கு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நேரம் போனது தெரியாமல்.
மூடிவிட்டேன்.

டாக்டர் நசீமா வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.
"சாகுற வரைக்கும் வளர்ற பல்லுங்க.
தேய்க்கலைன்னா சதையில குத்தும்.
கடிக்காதேன்னு இதுகிட்ட சொல்ல முடியாது.
எதைக் கடிக்கணும்னு சொல்லுங்க."

பையில் சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.
பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, என்றார்கள்.
நெத்திமேட்டில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன்.
விடிந்தால் தாடை வலிக்கும்.
கடைவாயில் ஒன்று
நடுவில் விரிந்துபோயிருக்கிறது இன்றைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை
வளையும் பிளாஸ்டிக் குழாய் எட்டு மீட்டர் வாங்கி
பிளேடால் நீளவாக்கில் கிழித்து
ஒவ்வொரு ஒயருக்கும் சட்டை மாட்டினேன்.
பிரிட்ஜ் பின்னாலிருந்த சந்தை அட்டைப்பெட்டியால் அடைத்தேன்.
(அட்டையைத் தின்னலாம், அனுமதி உண்டு.)
நிலைக்காலுக்கு
அலுமினியத் தகட்டில் ஒரு கொலுசு.

ஏற்காட்டிலிருந்து வேலைக்கு இறங்கிவரும் மார்சலின்
மருந்தடிக்காத பேரிக்காய் மரத்தைக் கவாத்து செய்த குச்சிகளை
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள்.
"என்ன வேர், எந்த வியாதிக்கு?" என்று
பஸ்ஸில் கேட்டார்களாம்.
பல்லுக்கு என்றாளாம்.

முதல் நாள் சீண்டவில்லை.
குழாயைப் போய் முட்டியது,
என் செருப்பு வாரைப் பார்த்தது.
செருப்பை எடுத்துவிட்டுக் குச்சியை வைத்தேன்.
மறுபடி செருப்பைத் தேடியது, மறுபடி குச்சி.
கோபப்படாமல் ஒரே காரியத்தை
நாற்பது தரம் செய்ய முடிகிறது என்னால்!
மூன்றாம் நாள் இரவு இருட்டில்
கறுக், கறுக்.

இப்போது நெற்றியைத் தடவினால்
அதுவும் பல்லை நறநறக்கிறது, மெதுவாக.
வலியோ என்று பயந்து போன் செய்தேன்.
"இல்லைங்க, சந்தோஷத்துல."
இதற்காகவும் பல்லைக் கடிப்பார்களா?

மரம் என்றால் சத்தம் வரும்.
ஒயர் சத்தமில்லாமல் போகும்.
அதனால் சத்தத்தில் தூங்கி
அது நின்றால் விழித்துக்கொள்கிறேன்.

நேற்று நின்றது.
எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.
குச்சி பாதியில் கிடந்தது.
பக்கத்தில் வீட்டு ஒப்பந்தம்,
மேசையிலிருந்து எப்படி விழுந்ததோ,
மூன்றாம் பக்கத்தைக் காணோம்.
அர்த்தநாரியின் கையெழுத்தை மட்டும்
மிச்சம் வைத்திருந்தது.