ஆறு தேக்கரண்டிக்குப் பிறகு

எழுதுவது வைசன். பேசுவது எஸ்நாத்தும் மற்ற நாலு பேரும்.
மிச்சமெல்லாம் நான்.
முறத்தில் உருளும் மக்காச்சோளம் என் மழை.
தகரப் பெட்டியில் மணல், அதன்மேல் ரப்பர்ச் செருப்பு:
ஒருத்தி ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறாள்.
சைக்கிள் டியூபை மெல்ல அமுக்கினால்
காய்ச்சல்காரனின் மூச்சு.
குழந்தை அழுகை மட்டும் எனக்கு வராது.
காவலாளியின் மகளை ஒரு நிமிடம் கடன் வாங்கி
கரும்புத் துண்டு கொடுத்து அனுப்பினோம்.

செவ்வாயும் வெள்ளியும் இரவு ஏழரைக்கு
ங்கோட்டகோட்டாக் கரை முழுக்க
இல்லாத எங்கள் ஊரில் குடியிருக்கும்,
பகலெல்லாம் வெயிலில் காயவைத்து
உயிரேற்றிய பேட்டரியோடு.

அறுபத்து மூன்றாம் அத்தியாயத்தில்
குழந்தை லிம்பிகா சாகவேண்டும் என்றார் சுகாதார அதிகாரி.
வைசன் இரண்டு நாள் பேனாவைத் திறக்கவில்லை.
பிறகு எழுதினான்.
மூன்று நாள் வயிற்றுப்போக்கு.
நான்காம் நாள், எல்லாம் முடிந்தபின், நர்ஸ் சொல்கிறாள்:
ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர்,
மட்டமாக வழித்து ஆறு தேக்கரண்டி சர்க்கரை,
(இங்கே என் லாரி)
இதை முதல் நாளே கொடுத்திருக்கலாம் அம்மா.
எஸ்நாத் அழவில்லை. அடுப்பை அணைத்தாள்.
சூடான கல்லில் ஈரத்துணி: அதுவும் நான்தான்.

மறுநாள் காலை நிலைய வாசலில் பதினேழு பெண்கள்.
தலையில் மாவுக் கூடை.
இந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு
யாரும் கையை வீசிக்கொண்டு போவதில்லை.
வீடு எது என்றார்கள்.
வீட்டைக் காட்டினேன்:
கம்பளி தொங்கும் அறை, தகரப் பெட்டி, முறம்.
எஸ்நாத் வெளியே வந்தாள். இருபது வயது,
வாயில் பபிள்கம்.
நீ இல்லை, அவள் பெரியவள் என்றாள் ஒருத்தி.
பபிள்கம்மைத் துப்பிவிட்டு
அந்தக் குரலில் ஒரே ஒரு வரி பேசினாள்.
அவ்வளவுதான்.
இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு
ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.
பொய் என்று தெரிந்தபிறகும் எழவில்லை.

முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்தவள் எனெலேசி.
அவள்தான் என்னிடம் வந்தாள்.
ஆறு கரண்டிக்குப் பிறகு நர்ஸ் என்னவோ சொன்னாள்,
அந்நேரம் பார்த்து ஒரு லாரி போய்விட்டது.
உப்பு என்று மட்டும் கேட்டது.
கைப்பிடி என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி,
எது சரி?

அந்த லாரிக்காக மூன்று நாள்
நெடுஞ்சாலைப் புழுதியில் நின்றேன்.
சிமெண்ட் ஏற்றியது, இரட்டை ஹாரன்,
கியர் மாறும்போது ஒரு விக்கல்.
அத்தனை நிலையத்திலும் இப்படி ஒரு லாரி கிடையாது.
நர்ஸ் வீடு சாலையோரம்,
லாரி போகாவிட்டால் யார் நம்புவார்கள் என்று
நான்தான் ஓட்டிவிட்டேன்,
சரியாக அந்த வரியின் மேல்.

அவள் முதுகில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.
அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது.
அரைக் கரண்டி என்றேன்.
தேக்கரண்டியில் பாதி. கைப்பிடி இல்லை.
கைப்பிடி கொல்லும்.
சத்தமாகச் சொல்லு என்றார்கள் பின்னாலிருந்தவர்கள்.
சொன்னேன். வானொலியில் பேசாதவன்,
குரல் கீச்சென்று வந்தது, ஒருத்தி சிரித்தாள்.
பதினேழு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

சாவு மாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம்.
காவலாளி மனைவி பெரிய பானையில் களி கிண்டினாள்.
எல்லோரும் சாப்பிட்டோம், வைசனைத் தவிர.
அவன் சன்னலோரம் அடுத்த அத்தியாயத்தை
கிழித்துக் கிழித்து எழுதிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் மறுபடி சொன்னாள்,
இம்முறை வேறொரு தாயிடம், வேறொரு முதல் நாளில்.
கைகளை மடியில் வைத்து
நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
மழை இல்லை, செருப்பு இல்லை, கோழிகூட இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம், பென்சிலில்:
நர்ஸ் வீட்டுப் பக்கம் இப்போது லாரி வருவதில்லையே,
டிரைவருக்கு உடம்பு சரியில்லையா?