மூன்றாம் படி

ஏரி இருபத்திரண்டு அடி என்கிறது செல்.
பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால்
இருபத்திரண்டு அடி
ஒரு அங்குலம்.
நெஞ்சுக்குள் யாரோ மதகைத் திருகுகிறார்கள்.

ராத்திரி இரண்டரை.
கட்டில்மேல் ஆறு பால் பாக்கெட், மெழுகுவத்தி,
வீட்டுப் பத்திரம் சுற்றிய பிளாஸ்டிக் பை.
சிவப்புப் பட்டையில்
வேளச்சேரி மூழ்கிக்கொண்டிருக்கிறது.
தெருவோடு ஒரு வண்டி மிதந்து வருகிறது.
முகப்பு விளக்கில் பச்சை டேப்.
ஒட்டியது நான்.
அந்த வண்டியை விற்று
நாலு வருஷம் ஆகிறது.

சிரிப்பு வரவில்லை.
கட்டைவிரல் மட்டும் நின்றது.

இறங்கிப் போனேன்.
கீழ்வீட்டு நசீமா
டார்ச்சோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.
"தூங்கலையா?"
"நியூஸ் பாத்துட்டிருந்தேன்."
"நான் தண்ணியப் பாத்துட்டிருக்கேன்" என்றாள்,
மகனின் சாக்பீஸால்
மூன்றாம் படியில் கோடு இழுத்தபடி.

கோட்டுக்கு ஒரு சாண் கீழே
தெரு நெளிந்தது.
ஒற்றைச் செருப்பு வந்தது, போயிற்று.
எங்கேயோ தவளை.

நாலு மணிக்கு
டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு
அவள் தூங்கப் போனாள்.
மேலே செல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
கோட்டின்மேல் வெளிச்சம் அடிக்கிறேன்.
அது புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.