இரண்டாம் அரைவட்டம்

தார்த்துவில் ஜனவரி. சன்னலின் உள்பக்கமும் உறைந்திருக்கிறது.
உலையிலிருந்து எடுத்த வில்லை
மேல்கோட்டுப் பொத்தான் அளவு,
ஆயிரத்து நானூறு டிகிரியை மறந்து
கையில் சில்லென்று கிடக்கிறது.
இரண்டு முகத்திலும் பிளாட்டினம் பூசி
முந்நூறு டிகிரியில் நிறுத்தி
தாயிசியா கேட்கிறாள்:
உன்னுள் ஆக்சிஜன் எப்படி நடக்கிறது?

திரையில் இரண்டு அரைவட்டங்கள்.

முதலாவது நகக்கண் அளவு.
மணியின் உள்ளே நடப்பது அது.
யிட்ரியம் புகுந்ததால் ஓர் இருக்கை காலி;
பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்கார
அவன் விட்ட இடத்துக்கு அடுத்தவன்.
யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை.

இரண்டாவது, பாதிப் பூசணி.
அது வரப்பு.
மணியும் மணியும் முட்டிக்கொள்ளும் கோடு.

"எந்தக் கல்வத்தில் அரைத்தாய்?" என்கிறான் உர்மோ.
அகேட்.
அரைக்க அரைக்கத் தானும் தேய்ந்து
கொஞ்சம் மணலைக் கலந்திருக்கிறது.
சூட்டில் அது உருகி
வரப்பெல்லாம் கண்ணாடியாய்ப் படிந்துவிட்டது.
இரண்டு நானோமீட்டர். அவ்வளவுதான்.

ஞாயிறன்று நார்வாவில்
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒன்று,
நடுவே நூற்றறுபது மீட்டர்ப் பாலம்.
அக்கரையில் கென்னாதி, அவள் தம்பி,
உடைந்த இடுப்போடு.
நடந்தால் மூன்று நிமிடம்.
வரிசையில் ஏழு மணி நேரம்.
மாத்திரைகளை எண்ணினார்கள்.
காபிப் பொட்டலத்தை மோந்து பார்த்தார்கள்.
பாலாடைக்கட்டி எதற்கு என்று நாலு முறை கேட்டார்கள்.
தின்பதற்கு என்று நாலு முறையும் சொன்னாள்.
அவள் முறை வருமுன்
இரவுக்கென்று கதவைச் சாத்தினார்கள்.

"மணியைப் பெரிசாக்கு, வரப்பு குறையும்."
அக்டோபரில் செய்து பார்த்தாயிற்று.
பெருமணி வில்லை ஆறும்போதே
வரப்போடு வரப்பாக வெடித்தது.
வரப்பே இல்லாத ஒற்றைப் படிகமோ
துறையின் பட்ஜெட்டில் இல்லை.

"அப்படியானால் ஒரு சிட்டிகை அலுமினா."
அது வரப்பை அழிக்காது.
படிந்ததைக் கூட்டிப் பெருக்கி
மும்முனைச் சந்துகளில் ஒதுக்கிவைக்கும், வழி விடும்.
நோட்டில் குறித்துக்கொள்கிறாள்.
பாலத்துக்கு அலுமினா எது என்று
உர்மோவிடம் கேட்பதற்கில்லை.

சூட்டை ஏற்றுகிறாள்.
நானூறு. ஐந்நூறு.
பூசணி சுருங்குகிறது, கடுகாகிறது,
எண்ணூறில் திரையை விட்டே போய்விட்டது.
எல்லோரும் கடக்கிறார்கள்.
அந்தச் சூட்டில் யாரும் வசிக்க முடியாது.

கைப்பேசியில் கென்னாதி: எத்தனை மணிக்கு?
சனிக்கிழமை முதல் பேருந்து, என்று அடிக்கிறாள்.
பிறகு,
கட்டி இல்லாமல்.