ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை

தர்மபுரியிலிருந்து மாற்றலாகி வந்த முதல் நாள்
கும்பகோணத்து இரண்டாம் மாடியில்
யாரும் என் ஊரைக் கேட்கவில்லை.
"சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா?"
இல்லை என்றதும்
ஐந்து பேர் ஐந்து திசைக்குக் கை காட்டினார்கள்.

நாற்பத்தைந்து நிமிடம்.
படி இறங்க இரண்டு, படி ஏற நான்கு.
(வயிறு நிறைந்தபின் அது வேறு படிக்கட்டு.)
மீதி முப்பத்தொன்பதில்தான்
இந்த ஊரைத் தெரிந்துகொண்டேன்.

ஸ்டேஷன் ரோட்டு ஓட்டலில்
ஏசி அறைக்குத் தனி விலை,
தனியாக வந்த பெண்ணுக்குத் தனி மூலை.
சாம்பார் வருவதற்குள் கை காய்ந்து
மறுபடி எழுந்துபோய்க் கழுவினேன்.
பாலக்கரைப் பக்கம் சாகுல் அண்ணன் பிரியாணி:
பன்னிரண்டே முக்காலுக்கு அண்டா காலி,
எங்களுக்கோ ஒரு மணிக்குத்தான் விடுதலை.
"தாளிச்சா மட்டும் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்பார்.
அதற்குக் காசு வாங்க மாட்டார்.
வங்கி வாசல் தள்ளுவண்டியில்
எலுமிச்சை, தக்காளி, புளி, தயிர்.
நான்கும் ஒரே சோறு, சட்டை மட்டும் வேறு.
காபியைப் பற்றி இந்த ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள்.
எனக்குப் பசித்தது.

அடுத்த மேசை உப்பிலிதான் கடைசியில் கரையேற்றினார்.
உப்பில்லாமல் உண்ணும் பெருமாளின் பெயர்.
ரத்த அழுத்த மாத்திரை எழுதிய மருத்துவரும்
அப்படியே இருக்கச் சொல்லியிருக்கிறார்.
ஆனால் எந்தக் கடையில் என்றைக்கு
நார்த்தங்காய் ஊறுகாய் வைப்பார்கள் என்று
அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவர் காட்டியது கலியமூர்த்தி மெஸ்.
பதினெட்டு நாற்காலி.
சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும்.
ரசத்தில் இருக்கிறாரா, மோருக்கு வந்துவிட்டாரா,
தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை.
இப்போதெல்லாம் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன்,
இவர் மறுசோறு கேட்பார்,
இவர் இலையை மடித்துவிட்டு
போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
என் முதுகுக்குப் பின்னாலும்
யாரோ நின்று படிக்கிறார்கள்.
நான் வேகமாகச் சாப்பிடுகிறேன்.

ஆவணியில் ஒரு புதன்.
கதவில் சாக்பீஸ் எழுத்து:
'முகூர்த்தம். கடை இல்லை.'
அந்தத் தெருவில் எந்தக் கடையும் இல்லை.
ஊரின் கரண்டிகளெல்லாம்
கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டன.
தள்ளுவண்டியைக்கூடக் காணோம்.
உப்பிலி தெருமுனை வாழைமரங்களைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"பேனா வச்சிருக்கீங்கள்ல? கவர் வாங்கிக்கலாம்."

மூன்றாம் பந்தி.
சாம்பார் வாளியோடு வந்தவர் கலியமூர்த்தி.
வாளி ஒரு கணம் நின்றது.
பெண் வீடா, பிள்ளை வீடா என்று கேட்கவில்லை.
மெஸ்ஸில் ஒருநாளும் தராத
இரண்டாவது அப்பளத்தை இலையில் வைத்து
அடுத்த இலைக்கு நகர்ந்தார்.
பின்னால் யாரும் நிற்கவில்லை.
மெதுவாகச் சாப்பிட்டேன்.

ஆளுக்கு நூற்றியொரு ரூபாய்.
நூறு, மெஸ் விலை.
ஒன்று, வாழ்த்து.
மொய் எழுதுகிறவர் நோட்டைத் திருப்பினார்.
"பேரு? ஊரு?"
நான்கு மாதத்தில் முதல்முறை.
"இரண்டாம் மாடி" என்று வாய் சொல்லிவிட்டது.
அவரும் எழுதிவிட்டார்.

திரும்பும்போது இரண்டு பத்து.
மேலாளர் தலை நிமிரவில்லை.
தாம்பூலப் பையை மேசைக்கு அடியில் தள்ளுகையில் பார்த்தேன்,
அவர் காலடியில்
அதே மஞ்சள் பை.

இரவு தேங்காயை வெளியே எடுத்தபோதுதான்
பையில் அச்சடித்த பெயரைப் படித்தேன்.
பொற்கலை.
நன்றாக இரு, பொற்கலை.
ரசத்தில் மிளகு கொஞ்சம் கூடிவிட்டது,
வேறொன்றும் குறையில்லை.