நாக்கின் எடை

ராலின்ஸ் தாண்டியதும் குறுக்கே வந்தது காற்று.
கண்ணாடியில் ட்ரெய்லர் ஒரு முழம் விலகியது,
திரும்பி வந்தது, இன்னும் விலகியது,
பிறகு பிக்கப்பின் இடுப்பைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது.

கிளேட்டனின் கால் பிரேக்குக்குப் போனது.
"மிதிக்காதே" என்றேன்.
இரண்டு நாளில் அவனிடம் நான் பேசிய முதல் சொல்.
எட்டி, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும்
விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன்.
அறுபது. ஐம்பது. நாற்பத்தைந்து.
அடங்கியது.

எல்க் மலைக்கு முன்னால், லாரிகள் ஒதுங்கும் மண்தரையில்,
எடை பார்க்கும் மெஷினை இறக்கினோம்.
வீட்டை விற்றபோது
இது எதற்கு என்று அவன் கேட்ட அதே மெஷின்.
மேலே பலகை வைத்து
ட்ரெய்லரின் நாக்கை அதன்மேல் சாய்த்தோம்.
நூற்றுப்பத்து பவுண்டு.
முந்நூறாவது இருக்க வேண்டும்.

பாரம் முழுக்கப் பின்கட்டிலுக்கு அடியில்:
வார்ப்பிரும்புச் சட்டிகள், என் தையல் மெஷின்,
ஹார்லனின் கருவிப்பெட்டி.
அண்ணனைப் புதைத்த நாளிலிருந்து
கிளேட்டன் அதைத் திறக்கவில்லை.
விட்டுவிட்டு வா என்று சொன்னவள் நான்.

சொன்னேன்தான்.
இப்போது ஒரு கைப்பிடியை நான் பிடித்தேன்,
மறுபிடியை அவன்.
படியில் என் முழங்கால் இடித்தது.
உள்ளே ஸ்பேனர்கள் புரண்டு ஓய்ந்தன.
முன்சுவரோடு ஒட்டி வைத்து
பட்டையால் இறுக்கினோம்.
முந்நூற்றுப் பதினைந்து.

மறுபடி சாலை.
பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று
எங்களை உரசுவதுபோல் கடந்தது.
ட்ரெய்லர் ஒருமுறை தோளைக் குலுக்கியது, அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான்:
"சங்கிலி மாட்டினாயா?"
"ரெண்டும். குறுக்காக."