காரணம் என்ற கட்டம்

ஆவணப் பிரிவு மருத்துவமனையின் தரைத்தளம்.
ஜன்னல் இல்லை. வந்தவர்களை
அவர்கள் போனபிறகுதான் எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் போடுவது என் வேலை:
கார் மோதிய பாதசாரிக்கு ஒன்று,
லாரி மோதியவருக்கு வேறு,
யாரும் மோதாமல் தானே விழுந்த
மோட்டார் சைக்கிளுக்கு இன்னொன்று.
எண் போட்டதும் ரத்தம் காய்ந்துவிடும்.
அப்படியே பதினாறு வருஷம்.

ஊய் பெங் ஹுவாட், 61. மீன் வியாபாரி.
ரொஸ்னானி, 34. இரவு வேலைக்குப் போகும்போது.
மேகவர்ணன், 19. ஜாக்கெட்டை
முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தான்,
நம் பையன்கள் எல்லாரையும் போல,
காற்று நெஞ்சில் அடிக்கக் கூடாதென்று.
கத்தரித்து எடுத்த ஜாக்கெட்டில்
பதிமூன்று வெள்ளியும் ஒரு சாவியும்.
தாதி பட்டியல் எழுதியிருந்தார்.

மூவருக்கும் இடம் ஒன்றே:
ஜெலுத்தோங்கில், அடுக்குமாடிகளுக்கும்
தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே
ஆறு தடச் சாலை.
மூவருக்கும் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரே சொல்: கவனக்குறைவு.

சொக்சோ பாரத்துக்காக வந்த மேகவர்ணனின் தாய்
முகப்பில் நின்று கேட்டார்:
"குறுக்க வந்த ஆளுக்காகத்தானே
அவன் வண்டியத் திருப்புனான்?
அப்புறம் எப்படிம்மா
கவனமில்லன்னு எழுதுனீங்க?"
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
வேறென்ன தெரியும் எனக்கு.

அந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
மேம்பாலம் இருந்தது. படிகள் அறுபத்தெட்டு.
நான் எண்ணினேன், என் மூட்டும் எண்ணியது.
மேலே விளக்கு எரியவில்லை.
கீழே இரும்பு வேலியில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை,
அதன் ஓரங்கள் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தன.
பாலம் நடப்பவருக்காகக் கட்டியதல்ல.
கார் நிற்காமல் இருக்கக் கட்டியது.
இதை எந்தக் கோப்பில் எழுதுவது?

எழுதினேன். ஒரே ஒரு தாளில்,
என் மலாயில் உள்ள பிழைகளோடு:
ஏழு வருஷம், நாற்பத்தொரு பேர்,
இறந்தவர் ஒன்பது,
மணி பெரும்பாலும் மாலை ஏழேகால்.
மாநகர் மன்றத்தில் பொறியாளர் ஃபௌசியா
இரண்டு முறை படித்தார்.
"மருத்துவமனை இதை எங்களிடம் சொன்னதே இல்லையே."
நீங்கள் கேட்டதே இல்லையே என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தோம்.

பிறகு கூட்டங்கள். தவறாமல்
குவே லாப்பிஸ் வந்தது, முடிவு வரவில்லை.
சாலையைக் குறுக்கினால் நெரிசல் என்றார் ஒருவர்.
வளர்ச்சி நின்றுவிடும் என்றவரின் கார்
வெளியே இரண்டு மணி நேரம்
எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.
மூன்றாம் ஆண்டில்
பக்கத்துக்கு ஒரு தடத்தைப் பிடுங்கி மரக்கன்று நட்டார்கள்,
பஸ் நிறுத்தத்தை எண்பது மீட்டர் நகர்த்தினார்கள்.
ஒரு மேடு. நடுவில் மூச்சுவிட்டு நிற்க ஒரு திட்டு.
இருபத்தாறு விநாடிக்கு ஒரு பச்சை மனிதன்.

பதினான்கு மாதம்.
அங்கிருந்து கோப்பு எதுவும் வரவில்லை.
வராத கோப்புக்கு எண் கிடையாது.
அடிபடாதவருக்குத் தான் அடிபடவில்லை என்பது தெரியாது.

நேற்று மாலை ஏழேகாலுக்கு
அங்கே நின்றேன், சும்மா.
ஒரு பெண் கைபேசியைப் பார்த்தபடியே கடந்தாள்.
முழுக் கவனக்குறைவு. ஒன்றும் ஆகவில்லை.
ஒரு மோட்டார் சைக்கிள் மேட்டில் குதித்தது.
கைப்பிடியில் தொங்கிய தே ஓ ஐஸ்
பாதி சிந்தியது, முன்பின்னான ஜாக்கெட் மேல்.
"எவன்டா இத இங்க வெச்சான்!"
எல்லார் காதிலும் விழத் திட்டினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
திட்டட்டும். வீட்டுக்குப் போய்
கறைக்காக அவனும் திட்டு வாங்கட்டும்.

இன்று புதன். மேசையில்
சுங்கை நிபோங்கிலிருந்து மூன்று.