வடக்குப் பார்த்த ஜன்னல்

ஆஸ்திரிய எல்லை தாண்டிப் பதினைந்து நிமிடம்.
மொஷோன்மஜ்யரோவாரில் எங்கள் தெருவில் மட்டும்
ஒன்பது பல் மருத்துவமனை, ஒரு ரொட்டிக் கடை.
மூன்றாவதில், மாடியில்,
உறிஞ்சுகுழாய் பிடிப்பவள் நான்.
டாக்டர் ஓர்ஷோயா ஹங்கேரியனில் சொல்வதை
ஜெர்மனில் சொல்வதும் நான்தான்.

நவம்பரில் வந்தார் திருமதி ட்ராவுன்ஃபெல்னர்.
வியன்னாவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
முன்பல் ஒன்று சாம்பல் நிறம்.
அதற்கு அடுத்தது இல்லவே இல்லை;
அந்தச் சந்து வழியே
ஒவ்வொரு 'ஸ'வும் விசிலடித்துக்கொண்டு வெளியேறியது.
எல்லாவற்றையும் வெள்ளையாக்குங்கள் என்றார்,
குளியலறை ஓடு மாதிரி.

சாம்பல் பல் செத்த பல் என்றார் டாக்டர்.
('ஓய்வுபெற்ற பல்' என்று மொழிபெயர்த்தேன்.)
உள்ளே நரம்பு எப்போதோ அழுகிவிட்டது.
வேரின் குழாயைத் துப்புரவாக்கி
ஒரு தென்கிழக்காசிய மரத்தின் பாலில் செய்த
மெல்லிய குச்சியால் அடைப்போம்.
மேலே பீங்கான் தொப்பி.
தொப்பிக்காகத் தலையை இழைக்க வேண்டும்;
இழைத்தது முளைக்காது, யோசித்துச் சொல்லுங்கள்.

சந்துக்கு?
பாலம் கட்டலாம்.
ஆனால் பாலத்துக்கு இரண்டு கரையையும் செதுக்க வேண்டும்.
ஒரு கரை ஏற்கெனவே இடிந்தது.
மறு கரை உங்கள் நல்ல பல்,
அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது?
இல்லையென்றால் எலும்பில் டைட்டானியம் திருகு.
திருக அரை மணி நேரம்.
எலும்பு அதைத் தன் ஆளாக ஏற்க நான்கு மாதம்.
'என் மாமியார் எடுத்ததைவிடக் குறைவு' என்று
நானாகச் சேர்த்தேன்.
அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்,
கையால் வாயைப் பொத்தி.

வெளுக்கும் களிம்பு எல்லாவற்றுக்கும் முன்னால்.
களிம்புக்குப் பல்லைத்தான் தெரியும், பீங்கானைத் தெரியாது.
தொப்பி போட்ட பிறகு வெளுத்தால்
ஊரே புதிய சாயத்தில் நிற்க
அந்த ஒரு வீடு மட்டும் பழைய சுண்ணாம்பில் நிற்கும்.
கொஞ்ச நாள் கூசும். காப்பியும் சிவப்பு ஒயினும் வேண்டாம்.
ஒயினுக்கு மட்டும் முகம் சுளித்தார்.

மார்ச்சில் நிறம் பார்க்க
வடக்குப் பார்த்த ஜன்னலோரம் உட்கார வைத்தோம்.
உதட்டுச்சாயத்தைத் துடைக்கச் சொன்னேன்.
கீழே பட்டறையிலிருந்து ஜோம்போர் ஏறி வந்தான்,
பதினாறு பொய்ப்பற்கள் வரிசையாக நிற்கும் அட்டையோடு.
கண்ணைச் சுருக்கி, 'ஏ இரண்டு' என்றான்.
அவர் விரல் இன்னும் வெளுத்த ஒன்றைத் தொட்டது.
அதைப் போட்டால் பக்கத்துப் பல் அழுக்காகத் தெரியும் என்றான்.
பிறகு கேட்டான்:
பழைய போட்டோ இருக்கிறதா? பல் தெரிகிற மாதிரி?

கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போனார்.
ஞானஸ்நானம். டிப்போவின் கிறிஸ்துமஸ் விருந்து.
பணி நிறைவு, பூங்கொத்து.
எல்லாவற்றிலும் உதடு பூட்டியிருந்தது.
கடைசியில் ஒன்று, மங்கிய நிறத்தில்:
டிப்போ கால்பந்தாட்டம், அவர் கோல்கீப்பர்,
முழங்கால் எல்லாம் சேறு,
நடுவரைப் பார்த்து வாய் நிறையத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜோம்போர் அந்த வாயைப் பெரிதாக்கினான்.
இப்போது இல்லாத அந்தப் பல்லின் நுனியில்
அரிசிமணி அளவு ஒரு பிளவு.
இது?
பீர் மூடி, என்றார். பல்லாலேயே திறப்பேன்.
வைக்கட்டுமா, எடுக்கட்டுமா?
நான் இதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.
வெளியே பால் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து
நெடுநேரம் கூவியது.

ஏப்ரல். நீலத்தாளைக் கடிக்க வைத்தோம்,
பக்கவாட்டில் அரைக்க வைத்தோம்,
மை அதிகம் ஒட்டிய இடத்தை டாக்டர் தேய்த்தார்.
எழுந்ததும் கண்ணாடியைக் கேட்கவில்லை.
தன் பேருந்தின் கடைசி நிறுத்தத்தைச் சொல்லிப் பார்த்தார்:
ஸீபன்ஹிர்டன். ஸீபன்ஹிர்டன்.
விசில் இல்லை.

ரசீதில் ஜோம்போரின் கையெழுத்தில் ஒரு வரி:
பீர் மூடித் தழும்பு, ஒன்று. கட்டணம் இல்லை.

சிகிச்சைக்குப் பின் என்று ஒரு படம் எடுத்தோம், சுவருக்காக.
பழக்கதோஷம், உதட்டைப் பூட்டிக்கொண்டார்.
மாட்ட முடியாது.
என் மேசை டிராயரில் இருக்கிறது.